ஸ்ப்ரூஸ்: மரமும் மிடுக்கும் ஒரே சொல்லா?

கூடல்வாசி | திங்கள், காலை 9:12

அனைவருக்கும் வணக்கம். தச்சுவேலை பற்றிய ஓர் ஆங்கில நூலைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ஸ்ப்ரூஸ் வருகிறது. அகராதியைத் திறந்தால் இரண்டு ஸ்ப்ரூஸ் இருக்கின்றன. ஒன்று, குளிர்நாடுகளில் வளரும் பசுமைமாறா ஊசியிலை மரம். மற்றொன்று, உடையிலும் தோற்றத்திலும் மிடுக்கான, பளிச்சென்ற என்று பொருள்படும் சொல். அதிலிருந்து ஒரு வினையும் உண்டு: வீட்டையோ தன்னையோ சீர்செய்து பார்வைக்கு நன்றாக ஆக்குவது. நூலாசிரியர் முன்னுரையில் இந்த இரண்டையும் வைத்துச் சிலேடை செய்திருக்கிறார். அங்கேதான் என் பேனா நிற்கிறது.

இரண்டும் ஒரே சொல்லா, அல்லது எழுத்தில் மட்டும் ஒன்றுபோல் இருக்கும் வேறு வேறு சொற்களா? இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் போலிஷ் மொழி என்கிறது, இன்னொரு பக்கம் ஜெர்மன் என்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அகராதிப்புழு | திங்கள், காலை 11:40

வணக்கம் அம்மா. இரண்டும் ஒரே சொல்தான். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குத் தாய் இல்லை, இரண்டும் உடன்பிறப்புகள். தாய் ஒரு நாட்டின் பெயர்.

பால்டிக் கடலின் தென்கரையில் இருந்த பிரஷ்யாவை இடைக்கால ஆங்கிலத்தில் 'ப்ரூஸ்' என்று அழைத்தார்கள். ஆங்கிலக் கவிஞர் சாசரின் கான்டர்பரிக் கதைகளின் முகவுரையில் வரும் போர்வீரர், ப்ரூஸ் நாட்டில் எல்லா நாட்டாரையும் விட உயர்ந்த இடத்தில் விருந்துக்கு அமர்ந்தவர் என்று அறிமுகமாகிறார். அது அந்தக் காலத்து நடப்பு. டியூட்டானிய வீரத்துறவியர் அமைப்பு அங்கே ஆண்டுகொண்டு, லித்துவேனியர் மீது படையெடுத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பிரபுக்கள் புண்ணியமும் பெயரும் தேடி அங்கே போய் வந்தார்கள். பின்னாளில் நான்காம் ஹென்றி என்று முடிசூடியவர்கூட 1390இல் போயிருக்கிறார்.

அதே 14ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில், இந்தப் பெயர் முன்னால் ஒரு 'ஸ்' ஒட்டிக்கொண்டு 'ஸ்ப்ரூஸ்' என்றும் எழுதப்படத் தொடங்குகிறது. அப்போது அது மரம் அல்ல, மிடுக்கும் அல்ல. நாடு. பிறகு அந்த நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய எல்லாவற்றுக்கும் முன்னொட்டாகிவிட்டது: ஸ்ப்ரூஸ் பெட்டி, ஸ்ப்ரூஸ் பலகை, ஸ்ப்ரூஸ் தோல், ஸ்ப்ரூஸ் பீர். எல்லாம் 'பிரஷ்யச் சரக்கு' என்ற பொருளில்தான்.

இந்தச் சரக்குகளில் தோல் ஒரு வழியாகப் போய் மிடுக்கு ஆனது. பலகை இன்னொரு வழியாகப் போய் மரம் ஆனது. மிடுக்கான என்ற பொருள் 1580களில் எழுத்தில் கிடைக்கிறது. வினை அடுத்த பத்தாண்டில். உயிரோடு நிற்கும் மரத்துக்கு ஸ்ப்ரூஸ் என்பது தனிப்பெயராக நிலைபெறுவது 17ஆம் நூற்றாண்டில்தான். ஜான் ஈவ்லினின் மரவளர்ப்பு நூல் (முதற்பதிப்பு 1664) பின்னர் விரிவாக்கப்பட்டபோது, பாய்மரங்களைப் பற்றிப் பேசும் இடத்தில், 'பிரஷ்யாவிலிருந்து வருபவை, நாம் ஸ்ப்ரூஸ் என்று அழைப்பவை' என்கிற மாதிரி ஒரு குறிப்பு வருகிறது. அவர் எழுதும்போதும் நாட்டின் பெயர் மரத்தின் மீது ஈரம் காயாமல் இருக்கிறது.


ஒற்றைக்கொம்பன் | திங்கள், பகல் 12:25

மன்னிக்கவும், இவ்வளவு சுற்றிவர வேண்டுமா? அந்த மரத்தின் படத்தை ஒரு முறை பாருங்கள். கூம்பு வடிவம், வரிசை பிசகாத கிளைகள், சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி நிற்கிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்றால் சும்மாவா? மரத்தைப் பார்த்துத்தான் மனிதனை அப்படிச் சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் தென்னை போல நிமிர்ந்து என்று சொல்வதில்லையா?


அகராதிப்புழு | திங்கள், பகல் 1:05

அண்ணா, அன்றைய லண்டன்காரர் பார்த்தது மரத்தை அல்ல, பலகையை. ஸ்ப்ரூஸ் பிரிட்டனின் மண்ணில் தானாக வளரும் மரம் இல்லை. 16ஆம் நூற்றாண்டில்தான் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது. அதுவும் சில பெரிய வீடுகளின் தோட்டங்களுக்கு. தெருவில் போகும் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'ஸ்ப்ரூஸ் மாதிரி இருக்கிறாய்' என்று அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால், கேட்டவர் மனதில் வந்திருப்பது கூம்பு வடிவம் இல்லை. அறுத்து அடுக்கிய பலகைதான். பலகை மாதிரி இருக்கிறாய் என்பது எந்த ஊரில் பாராட்டு?


மரவாடி | திங்கள், மாலை 6:30

தூத்துக்குடியில் இறக்குமதி மரத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

மர வியாபாரத்தில் பெயர் என்பது மரத்தின் பெயராக இருப்பது அபூர்வம். கப்பல் எந்தத் துறையில் ஏற்றியதோ அந்தத் துறையின் பெயர்தான் முதலில் ஒட்டும். பழைய பிரிட்டிஷ் வியாபாரப் பதிவுகளில் 'ரீகா ஃபிர்', 'மெமல் ஃபிர்', 'டான்சிக் ஃபிர்' என்று மூன்று சரக்குகள் வரும். மூன்று மரம் என்று நினைத்தால் ஏமாந்தோம். மூன்றும் ஒரே மரம், ஸ்காட்ஸ் பைன். ஏற்றிய துறைமுகம்தான் வேறு. ஃபிர் என்ற பெயரும் பொருந்தாது, அது பைன். இன்றைக்கும் பிரிட்டனில் இந்த ஸ்காட்ஸ் பைன் பலகைக்கு 'ரெட்வுட்' என்றும், ஸ்ப்ரூஸ் பலகைக்கு 'வைட்வுட்' என்றும்தான் வியாபாரப் பெயர். கலிபோர்னியாவின் ராட்சத ரெட்வுட் மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஸ்ப்ரூஸ் என்ற பெயர் பிறந்த இடத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விஸ்துலா ஆற்றில் மேலே காடுகளில் வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு டான்சிக் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். இன்றைய போலந்தின் க்டான்ஸ்க்தான் அது. அங்கிருந்து ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் கப்பல்கள் லண்டனுக்குப் போகும். லண்டனில் தேம்ஸ் கரையில் அவர்களுக்கென்று ஸ்டீல்யார்ட் என்று தனிக் கொட்டடியே இருந்தது. பலகை, பாய்மரம், கீல், சாம்பல், மெழுகு, தானியம், தோல் என்று வந்து இறங்கும். இறக்குகிற கூலியாளுக்கும் வாங்குகிற தச்சனுக்கும் அந்த மரம் எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்பது எதற்கு? 'எங்கிருந்து வந்தது?' 'ஸ்ப்ரூஸிலிருந்து.' முடிந்தது. அந்த அடுக்கில் பாதி பைன் பலகையாகவே இருந்திருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

நம் ஊரில் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்ற பெயர் வந்ததும், விழுப்புரம் பக்கம் அது மல்லாக்கொட்டையாகவும் மல்லாட்டையாகவும் தேய்ந்ததும் இதே கதைதான். கடலை பிறந்தது தென்னமெரிக்காவில். மணிலா வழியில் இருந்த ஊர். ஸ்ப்ரூஸும் நார்வேயிலிருந்து சைபீரியா வரை வளர்கிற மரம். பிரஷ்யா அது கப்பலேறிய இடங்களில் ஒன்று, அவ்வளவே.


கூடல்வாசி | திங்கள், இரவு 8:15

மரவாடி ஐயா, மல்லாட்டை உதாரணத்துக்கு நன்றி. அதைப் படித்த பிறகு 'ஸ்' எப்படி ஒட்டியது என்பதுகூடப் பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை. வாய் மாறினால் சொல் மாறுகிறது.

அகராதிப்புழு ஐயா, தோல் எப்படி மிடுக்கு ஆனது? அந்த இடத்தைச் சுருக்கமாகத் தாண்டிவிட்டீர்கள்.


அகராதிப்புழு | திங்கள், இரவு 10:02

அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

15ஆம் நூற்றாண்டில் பிரஷ்யாவிலிருந்து வந்த மெல்லிய தோலுக்கு இங்கிலாந்தில் நல்ல பெயர். அதில் கையில்லாத, உடம்போடு ஒட்டிய ஒரு மேற்சட்டை தைத்துப் போட்டுக்கொள்வது நாகரிகமாக இருந்தது. ஸ்ப்ரூஸ் தோல் சட்டை போட்டவன் என்றால் கையில் காசும் கண்ணில் கர்வமும் உள்ளவன்.

தோல் மட்டுமல்ல, அந்த நாட்டு உடையே ஒரு பகட்டாகக் கருதப்பட்டது. எட்வர்ட் ஹால் எழுதி 1548இல் அச்சான வரலாற்றில் எட்டாம் ஹென்றியின் ஆட்சித் தொடக்கத்தில் நடந்த ஓர் அரண்மனை விருந்து விவரிக்கப்படுகிறது. கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹவர்டும் தாமஸ் பாரும் வேடம் பூண்டு வருகிறார்கள். இந்த தாமஸ் பாரின் மகள்தான் பின்னாளில் அதே ஹென்றியின் ஆறாவது மனைவியானார் என்பது வேறு கதை. உடை என்ன தெரியுமா? சிவப்பு வெல்வெட்டில் மேற்சட்டை. முதுகுப்பக்கம் தாழ வெட்டியது. மார்பில் வெள்ளிச் சங்கிலிகளால் பின்னல். அதன்மேல் சிவப்புச் சாட்டினில் குட்டையான மேலங்கி. தலையில் ஆட்டக்காரர் தொப்பி, அதில் காட்டுக்கோழி வகையான ஃபெசன்ட் பறவையின் இறகுகள். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஹால் முடிக்கிறார்: இவர்கள் 'பிரஷ்யா அல்லது ஸ்ப்ரூஸ்' நாட்டு மாதிரியில் உடுத்தியிருந்தார்கள். நாட்டின் இரண்டு பெயர்களும் ஒரே மூச்சில்.

இந்த வாக்கியத்துக்கும் 'மிடுக்கான' என்ற பொருளுக்கும் இடையில் நாற்பது ஆண்டுதான். ஷேக்ஸ்பியர் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் ஒரு பண்டிதர் வாயில் இந்தச் சொல்லை வைக்கிறார். அளவுக்கு மீறி அலங்காரம் செய்துகொண்டு, அலங்காரமாகவே பேசும் ஒரு ஸ்பானியரைப் பற்றிய குற்றப்பத்திரிகை அது. மிகவும் பொறுக்கி எடுத்தவன், மிகவும் ஸ்ப்ரூஸ், மிகவும் பாசாங்கு, மிகவும் விசித்திரம் என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் 'அயல்நாட்டு வாடை அடிப்பவன்' என்கிற மாதிரி ஒரு லத்தீன் சொல்லைப் போட்டு முடிக்கிறார். ஸ்ப்ரூஸ் என்ற சொல்லைச் சுற்றி அப்போதும் அயல்சரக்கு வாசனை இருந்தது என்று இதை வைத்துச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே வரியில் இருப்பதைக் கவனிக்காமலும் இருக்க முடியவில்லை.


ஒற்றைக்கொம்பன் | செவ்வாய், காலை 7:50

ஆக, பாராட்டாக இல்லாமல் கேலியாகத்தான் தொடங்கியது என்கிறீர்களா?


அகராதிப்புழு | செவ்வாய், காலை 8:20

பாதிக் கேலி. தமிழில் சொல்வதானால் மிடுக்கு இல்லை, மினுக்கு. 'நன்றாக மினுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தத் தொனி. இன்றைய ஆங்கிலத்தில் அந்த முள் மழுங்கிவிட்டது. வயதானவர் ஒருவர் துப்புரவாக உடுத்தி வந்தால் அன்போடு சொல்கிறார்கள்.


தேன்மழை | செவ்வாய், காலை 10:10

போலிஷ் விளக்கத்தை யாரும் தொடவில்லையே. போலிஷில் 'ஸ் ப்ரூஸ்' என்றால் 'பிரஷ்யாவிலிருந்து' என்று பொருள். அதுவே அப்படியே ஆங்கிலத்தில் வந்துவிட்டது என்று பல தளங்களில் பார்த்தேன். முன்னால் இருக்கும் 'ஸ்' எழுத்துக்கும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இதைவிட அழகான விளக்கம் என்ன வேண்டும்?


அகராதிப்புழு | செவ்வாய், காலை 11:30

அழகாக இருக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம்.

காலத்தைப் பாருங்கள். 'ஸ்ப்ரூஸ்' வடிவம் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்போது டான்சிக் போலந்து அரசரிடம் இல்லை. 1308 முதல் 1454 வரை டியூட்டானிய அமைப்பின் கையில் இருந்தது. துறைமுகத்தில் பேரம் பேசியவர்கள், கணக்கு எழுதியவர்கள், கப்பல் ஓட்டியவர்கள் பெரும்பாலும் தாழ்நில ஜெர்மன் பேசிய ஹான்சா வணிகர்கள். ஆங்கில வணிகர் அந்த நாட்டின் பெயரைக் கற்றுக்கொண்டது அவர்களிடமிருந்தும், அதற்கு முன்பே பிரெஞ்சு, லத்தீன் எழுத்துகளிலிருந்தும். நடுவில் ஒரு போலிஷ் வாய் வந்து, அதுவும் வேற்றுமை உருபோடு சேர்த்துச் சொல்லை ஒப்படைத்தது என்பதற்கு ஒரு சீட்டாவது வேண்டும். இல்லை.

இன்னொன்று. போலிஷ் விளக்கத்தின்படி அந்தத் தொடர் சரக்கோடு ஒட்டி வந்திருக்க வேண்டும்: 'பிரஷ்யாவிலிருந்து வந்த பலகை' என்று. ஆனால் ஆங்கிலத்தில் ஸ்ப்ரூஸ் என்பது நாட்டின் பெயராகவே தனித்து நிற்கிறது. மேலே ஹாலின் வாக்கியம் அதற்குச் சாட்சி. கவனமாக எழுதப்பட்ட ஆங்கில அகராதிகள் அந்த 'ஸ்' விளக்கப்படாதது என்று எழுதிவிட்டு நகர்கின்றன. அந்த நேர்மைக்காகவே எனக்கு அகராதிக்காரர்களைப் பிடிக்கும்.


தேன்மழை | செவ்வாய், பகல் 12:15

சரி, போலிஷை விடுங்கள். ஜெர்மன்? துளிருக்கு ஜெர்மனில் ஸ்ப்ரோசென் என்று பெயர். இளந்துளிர்களைக் கொதிக்கவைத்துச் செய்யும் பீருக்கு ஸ்ப்ரோசென்பியர். அதுதான் ஸ்ப்ரூஸ் பீர் ஆயிற்று என்று ஒரு பழைய நூலில் இருக்கிறது.


அகராதிப்புழு | செவ்வாய், பகல் 1:00

பீரைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே ஸ்ப்ரூஸ் என்றால் பிரஷ்யா என்று தெரிந்த ஆங்கிலேயர் காதில் ஸ்ப்ரோசென் விழுந்தால், இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது இயல்பு. ஆனால் நாட்டின் பெயரும், பெட்டியும், தோலும் துளிரிலிருந்து வர முடியாது. பெட்டிக்கு ஏது துளிர்?


வெட்டிப்பேச்சு | செவ்வாய், மாலை 5:45

பீர் என்றவுடன் எழுந்து உட்கார்ந்தேன். அது என்ன மர பீர்? குடிக்க முடியுமா?


மலையேறி | செவ்வாய், இரவு 7:20

குடித்தார்கள். இரண்டு விதம் உண்டு. டான்சிக்கில் காய்ச்சியது கறுப்பாக, பாகு போலக் கெட்டியான மால்ட் பானம். இன்னொன்று, வட அமெரிக்காவிலும் கப்பல்களிலும் காய்ச்சியது: ஸ்ப்ரூஸின் இளங்கிளைகளைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, கரும்புக் கழிவுப்பாகு சேர்த்துப் புளிக்கவிடுவது. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு இது வழக்கமான பானம். ஸ்கர்வி நோய்க்கு மருந்து என்று நம்பினார்கள். பற்களின் ஈறு வீங்கி ரத்தம் கசிந்து ஆளைக் கொல்லும் நோய் அது. பச்சை ஊசியிலையில் உயிர்ச்சத்து சி உண்டு என்பது மெய். கொதித்துப் புளித்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கேள்வி.

உங்கள் விவாதத்துக்கு உதவும் செய்தி இது: கேப்டன் குக் 1773இல் நியூசிலாந்தின் டஸ்கி சவுண்டில் நங்கூரமிட்டபோது தன் ஆட்களுக்கு ஸ்ப்ரூஸ் பீர் காய்ச்சினார். அந்தத் தீவுகளில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம்கூட இயற்கையாக இல்லை. அமெரிக்கக் கறுப்பு ஸ்ப்ரூஸைப் போலத் தெரிந்த ரிமு மரத்தின் கிளைகளை வெட்டினார். துவர்ப்பைக் குறைக்க மனுகா செடியின் இலையையும் சேர்த்தார். ரிமு வேறு குடும்பத்து மரம். இருந்தாலும் பானம் ஸ்ப்ரூஸ் பீர், மரமும் அவர் எழுத்தில் ஸ்ப்ரூஸ். பிரஷ்யாவின் பெயர் பூமிப்பந்தின் மறுபக்கத்தில் பிரஷ்யாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மரத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.


கூடல்வாசி | செவ்வாய், இரவு 8:40

மலையேறி ஐயா, நீங்கள் வனத்துறையில் இருந்தவர் என்று பழைய இழைகளில் படித்த நினைவு. ஸ்ப்ரூஸ், ஃபிர், பைன் மூன்றையும் தமிழில் எல்லோரும் தேவதாரு என்றே எழுதிவிடுகிறார்களே. நானும் அப்படியே எழுதலாமா?


மலையேறி | புதன், காலை 6:35

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். தேவதாரு என்பது இமயமலையின் சிடார். அது இன்னொரு பேரினம். ஸ்ப்ரூஸுக்கு நம் நாட்டிலேயே இடம் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் நான் வேலை பார்த்த பகுதிகளில் மேற்கிமய ஸ்ப்ரூஸை 'ராய்' என்பார்கள், ஃபிர் மரத்தை 'தோஷ்' என்பார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும்.

கையில் எடுத்தால் பிரிந்துவிடும். ராய் மரத்தின் ஓர் ஊசியிலையைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். நான்கு பக்கமும் விளிம்பு தட்டும், சுலபமாக உருளும். தோஷின் இலை தட்டை, உருளாது. உதிர்ந்த குச்சியைத் தடவிப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் குச்சி அரம் போலச் சொரசொரக்கும், ஏனென்றால் ஒவ்வோர் இலையும் ஒரு சிறு முளையின்மேல் உட்கார்ந்திருந்தது. இலை போனாலும் முளை நிற்கும். ஃபிர் குச்சியில் வட்டத் தழும்பு மட்டும்தான், வழவழப்பாக இருக்கும். காய்க்கூம்பைப் பார்த்தால் இன்னும் எளிது: ஸ்ப்ரூஸில் தொங்கும், முழுசாகக் கீழே விழும். ஃபிரில் நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே செதில் செதிலாக உதிரும். பைன் மரத்தில் ஊசிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்தாக இருக்கும்.

பெயரில் குழப்பம் வியாபாரிகளோடு நிற்கவில்லை என்பதையும் மரவாடிக்குச் சொல்ல வேண்டும். லத்தீனில் கீலுக்கு உரிய சொல்லிலிருந்து பிறந்தது ஸ்ப்ரூஸின் பேரினப் பெயரான பிசியா. கீல் வடியும் மரம் என்று பொருள். ஃபிருக்கு ஏபியஸ் என்று பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இரண்டையும் பைன் பேரினத்துக்குள் போட்டு, ஸ்ப்ரூஸுக்கு 'ஏபியஸ்' என்றும் ஃபிருக்கு 'பிசியா' என்றும் இடம் மாற்றிப் பெயர் வைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் பேரினங்களைச் சரிசெய்தார்கள், ஆனால் முதலில் வைத்த இனப்பெயரை மாற்ற விதி இடம்கொடுக்காது. அதனால் ஐரோப்பாவின் மிகச் சாதாரணமான ஸ்ப்ரூஸ் இன்றைக்கும் 'பிசியா ஏபியஸ்' என்ற பெயரோடு, அதாவது ஸ்ப்ரூஸ் என்ற பேரினத்தில் ஃபிர் என்ற இனமாக, நின்றுகொண்டிருக்கிறது. ஜெர்மானியர்கள் இதே மரத்தை 'சிவப்பு ஃபிர்' என்றும் அழைக்கிறார்கள்.

தமிழில் ஸ்ப்ரூஸ் என்றே எழுதுங்கள். முதல் இடத்தில் 'ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸ்' என்று ஒரு தடவை சொன்னால் போதும்.


நாலுகம்பி | புதன், காலை 9:30

இவ்வளவு பேர் பேசியும் அந்த மரம் தமிழர் காதுக்கு இருநூறு ஆண்டுகளாகப் பழக்கம் என்பதை யாரும் சொல்லவில்லை. வயலினின் மேற்பலகை ஸ்ப்ரூஸ். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயலின் கர்நாடக இசைக்குள் வந்ததோடு ஸ்ப்ரூஸும் மேடை ஏறிவிட்டது. வீணையும் மிருதங்கமும் பலா, வயலினின் நெஞ்சுப்பலகை மட்டும் குளிர்நாட்டு மரம்.

காரணம், எடைக்கு ஏற்ற விறைப்பு. பலகை மெல்லியதாகவும் லேசாகவும் இருந்தால்தான் கம்பியின் அதிர்வுக்கு ஈடுகொடுக்கும். அதே சமயம் கம்பிகளின் அழுத்தத்தில் வளைந்துவிடக் கூடாது. உயரமான குளிர்ப்பகுதியில் மெதுவாக வளர்ந்த ஸ்ப்ரூஸில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக, நேராக இருக்கும். வயலின் செய்வதில் பெயர்பெற்ற ஸ்ட்ராடிவாரி வடஇத்தாலியின் ஃபியெம்மே பள்ளத்தாக்கு மரத்தைப் பயன்படுத்தினார். உங்களிடம் பழைய வயலின் இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நடுவில் ஓட்டுப்போட்ட கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள், சீப்பால் வாரியது போல் ஓடும்.


வெட்டிப்பேச்சு | புதன், காலை 10:05

அந்த விறைப்பு, லேசு இரண்டுக்காகத்தான் விமானமும் அதில் செய்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தில் ஸ்ப்ரூஸ் உண்டு. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் 1917இல் 'ஸ்ப்ரூஸ் உற்பத்திப் பிரிவு' என்றே ஒன்றைத் தொடங்கி, ஓரிகன், வாஷிங்டன் காடுகளில் சிட்கா ஸ்ப்ரூஸ் வெட்டப் படைவீரர்களை அனுப்பியது. துப்பாக்கி தூக்கச் சேர்ந்தவன் ரம்பம் இழுத்தான்.

ஆனால் இந்தச் சொல்லால் மிகப் பெயர்பெற்ற விமானத்தில் ஸ்ப்ரூஸ் அதிகம் இல்லை. ஹோவர்ட் ஹியூஸ் கட்டிய பிரம்மாண்டமான பறக்கும் படகு, இறக்கை விரிவு 97 மீட்டருக்கு மேல், 1947 நவம்பர் 2ஆம் தேதி லாங் பீச் துறைமுகத்தில் ஒரே ஒரு முறை, ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம் பறந்தது. பத்திரிகைகள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்ப்ரூஸ் கூஸ்', ஸ்ப்ரூஸ் வாத்து. கட்டியதோ பெரும்பாலும் பிர்ச் மரத்தில். எதுகை கிடைத்தால் மரம் எதுவானால் என்ன? ஹியூஸுக்கு அந்தப் பெயர் அறவே பிடிக்காது. இப்போது அது ஓரிகனில் ஒரு காட்சியகத்தில் இருக்கிறது. காட்சியகத்தின் பெயர் எவர்கிரீன். கூடல்வாசி அம்மாவின் பசுமைமாறா மரம்.


ஒற்றைக்கொம்பன் | புதன், பகல் 12:40

எல்லாம் சரி. அப்படியானால் பைன்? ஆங்கிலத்தில் பைன் என்றால் மரம். ஏக்கத்தில் உருகுவதும் பைன். அதையும் ஏதோ நாட்டின் பெயர் என்று சொல்லிவிடாதீர்கள்.


அகராதிப்புழு | புதன், பகல் 1:15

சொல்லமாட்டேன். அங்கே நிலைமை நேர் எதிர்: இரண்டும் வெவ்வேறு சொற்கள், எழுத்தில் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. மரம் லத்தீனின் பீனுஸ். ஏக்கம் லத்தீனில் தண்டனையைக் குறிக்கும் பீனாவிலிருந்து, பழைய ஆங்கிலத்தில் வதைப்பது என்ற பொருளில் புழங்கி, பிறகு உள்ளுக்குள் வதைபடுவது என்று இறங்கியது. அன்னாசிக்கு ஆங்கிலப் பெயரான பைனாப்பிள் மட்டும் மரத்துப் பைன்தான். முதலில் அது பைன் மரத்தின் கூம்புக்குப் பெயராக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் அதே உருவத்தில் பழம் வந்து சேர்ந்ததும் பெயர் பழத்துக்குப் போய்விட்டது.


மட்டுறுத்துநர் | புதன், பகல் 2:00

பைன் பற்றிய பதிவுகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே ஸ்ப்ரூஸோடு நிற்போம்.


கூடல்வாசி | புதன், மாலை 4:30

எல்லோருக்கும் நன்றி. சிலேடையைத் தமிழில் கொண்டுவரும் முயற்சியைக் கைவிட்டேன். மூலத்தில் ஆசிரியர், 'இந்த மரம் தன் பெயருக்கு ஏற்ப உங்கள் பட்டறையையும் மிடுக்காக்கும்' என்கிறார். நான் 'இந்த மரத்தின் பெயருக்கு ஆங்கிலத்தில் மிடுக்கு என்றும் பொருள் உண்டு; உங்கள் பட்டறைக்கும் அது வந்து சேரும்' என்று நேராகவே எழுதிவிட்டேன். மிடுக்கு என்ற பொருள் மரத்திலிருந்து வந்தது என்ற எண்ணம் வாசகருக்கு வராதபடி அமைந்துவிட்டது.

மரவாடி ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. நூலில், பழைய பொதிப்பெட்டிப் பலகையில் பயிற்சி செய்யச் சொல்கிறார். நம் ஊரில் கிடைக்கும் பெட்டிப் பலகை ஸ்ப்ரூஸா, பைனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாசகருக்கு அடிக்குறிப்பாகக் கொடுக்கலாம்.


மரவாடி | புதன், இரவு 7:10

துறைமுகத்தில் வந்து இறங்கும் பெட்டிகளும் தட்டுகளும் இரண்டு மரத்திலும் வரும். எங்கள் வாடியில் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பைன்தான். கேட்டால் அதைத்தான் சொல்வார்கள், நம்ப வேண்டாம். பலகையில் குத்தியிருக்கும் முத்திரையையும் பார்த்துப் பயன் இல்லை. அது பூச்சி இல்லாமல் சூடேற்றியதற்கான அடையாளம், மர வகையைச் சொல்லாது.

தலைப்பக்கம், அதாவது அறுத்த குறுக்குவெட்டைப் பாருங்கள். பைனில் வைரம், அதாவது நடுமரம், தனியாக, செம்பழுப்பாகத் தெரியும். சுற்றியுள்ள வெளிறு மஞ்சளாக இருக்கும். ஸ்ப்ரூஸில் இரண்டும் ஒரே வெளுப்பு, பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு இழைப்புளி போட்டு இரண்டு இழைப்பு இழைத்து முகர்ந்து பாருங்கள். பைன் மூக்கில் ஏறும், கையில் பிசுபிசுக்கும். ஸ்ப்ரூஸில் வாசனை மட்டாகத்தான் இருக்கும். கணுக்கள் ஸ்ப்ரூஸில் சிறிதாக, கல் போல இருக்கும். இழைப்புளியின் அலகு அதில் பட்டால் பல் விழும். புதிதாகத் தீட்டிய அலகை முதல் நாளே இந்தப் பலகையில் வைக்க வேண்டாம் என்று அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.